என்னைப் போலவே ஒரு பி.காம்.

இந்த ஊரில் துணிகள் வெயிலைப் பார்ப்பதில்லை. வெயிலே குறைவு என்பது வேறு விஷயம். நன்றாக அடிக்கிற நாளிலும் யாரும் துணியை வெளியே போடுவதில்லை. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அதற்கு அனுமதி கிடையாது. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு எடுத்ததில் ஒரு மாம்பழ நிறப் புடவையைத் துவைத்து பால்கனிக் கம்பியில் போட்டேன். அது கீழ்வீட்டு ஜன்னல் வரைக்கும் தொங்கியது. சற்று நேரத்தில் கீழ்வீட்டு மேடம் படியேறி வந்து மணியடித்தார். புடவையைக் காட்டி ‘சே ஜோலி’ என்றார். அழகாயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சிரித்த முகத்தோடு நீளமாக ஏதோ சொன்னார். கல்லூரியில் பிரெஞ்சு படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். எனக்கு ஜோலி புரிந்தது, மீதி புரியவில்லை. ஒரு புடவையைப் பாராட்ட இவ்வளவு படி ஏறி வந்திருக்கிறாரே என்று மனம் குளிர்ந்துபோய், அவர் இறங்கிப் போனதும் பச்சைப் புடவை ஒன்றையும் நனைத்துப் பக்கத்திலேயே போட்டேன். மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்று என் கணவர் அதைப் படித்துச் சொன்னார். மேடம் சொன்ன மீதி அதுதான்.

வேடிக்கை என்னவென்றால் நான் வேலை பார்ப்பதே துணி வெளுக்கும் இடத்தில். பிரான்ஸில் ஓர்லெயான் நகரத்துக்கு வெளியே, ஆஸ்பத்திரிகளின் துணியையெல்லாம் மொத்தமாக வாங்கித் துவைத்து அனுப்பும் பெரிய சலவைக்கூடம் அது. பிளான்ஷிஸ்ரி என்பார்கள். படுக்கை விரிப்புகள் ஈரமாக வந்து குவியும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இரண்டு பெண்கள் அதைச் சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். அந்தப் பக்கம் அது காய்ந்து, இஸ்திரியாகி, மடிந்து வெளியே வரும். வெள்ளைக்குப் பின் வெள்ளை. முதல் சில மாதங்கள் தோள்பட்டை வலித்தது, பிறகு அதுவும் பழகிவிட்டது. இப்போது கை பாட்டுக்கு வேலை செய்யும், நான் ஒன்றும் நினைக்காமல் நிற்பேன். துக்கம் என்று சொல்ல முடியாது. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. குளிரில் வெகுநேரம் நின்றால் விரல் நுனி மரத்துப்போகுமே, வலிக்காது, ஆனால் தொட்டால் தெரியாது, அந்த மாதிரி. வெளியூரில் இருக்கிற என் போன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வேலையைப் பற்றி ஊரில் நான் எதையும் மறைத்ததில்லை. சேர்ந்த அன்றே அண்ணனிடம், ‘ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற எடத்துல வேலை’ என்று சொன்னேன். செலியமேட்டில் எங்கள் தெருவுக்கு அது போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. துணி துவைக்கிற வேலைக்கு எங்கள் பக்கம் ஒரு சாதிப் பெயர் உண்டு. நெல்லும் கரும்பும் பயிரிடுகிற குடும்பத்தில், பட்டம் வாங்கி வெளிநாடு போன பெண்ணோடு அதைச் சேர்த்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. பூங்கொடி என்கிற என்னை, ‘கொடி பிரான்ஸ்ல ஆஸ்பத்திரில கீது’ என்று சொல்லிக்கொண்டார்கள். சிலர் என்னை நர்ஸ் ஆக்கினார்கள். பி.காம். படித்ததால் கணக்குப் பிரிவாகத்தான் இருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்தினார்கள். நானும் எத்தனை முறைதான் மறுத்துச் சொல்வது, விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஜூன் மாதம் அண்ணன் போன் செய்தார். என் ஒரே அண்ணன் செல்வம். அப்பா போன பிறகு என்னை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததெல்லாம் அவர்தான். அவருடைய மூத்த பெண் நிவேதா பிளஸ் டூ முடித்திருந்தாள். காமர்ஸ் குரூப், நல்ல மதிப்பெண். இனி பி.காம். என்பது முடிவான விஷயம், எந்த பி.காம். என்பதுதான் பாக்கி. பாக்கி என்று நான் நினைத்தேன். அண்ணன் அதையும் முடித்துவிட்டிருந்தார்.

“உன்ன மாதிரியே போட்டுடலாம்னு கீறேன் கொடி. கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப். லாங்குவேஜ் பிரெஞ்சு. நீ படிச்ச காலேஜ்லயே சீட்டு வரும்னு சொல்றாங்க. நீ ஒரு வார்த்த சரின்னு சொல்லிட்டீன்னா போட்டுடுவேன்.”

“அவ இன்னா கேக்கறா அண்ணா?”

“அவளுக்கு இன்னா தெரியும், கொழந்த. மூணு வருசம் முடிச்சா நீ கூப்ட்டுக்கப் போற. அப்பறம் இன்னா?”

பார்க்கலாம் அண்ணா என்றேன். அது நான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை. யார் என்ன கேட்டாலும் பார்க்கலாம். கேட்கிறவர்களும் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்கள், எனக்கும் ஒன்றும் செய்யத் தேவையிருக்காது.

அண்ணன் எப்படி இந்த முடிவுக்கு வந்தார் என்று சொல்ல வேண்டுமானால் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பாகூரில் பிளஸ் டூ முடித்தபோது பி.காம். என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பம் போடும்போதுதான் அதில் பொது, கம்ப்யூட்டர், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்று வகைகள் இருப்பது தெரிந்தது. அண்ணன் அன்று மாலையே வீட்டில் ஒரு கூட்டம் போட்டார். அண்ணன், பெரியப்பா, பெரியப்பாவின் மருமகன், அப்புறம் திருபுவனை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த பக்கத்து வீட்டு முருகேசண்ணன். மற்றவர்களுக்கு நெல்லைத் தவிர வேறொன்றும் தெரியாததால் முருகேசண்ணன் சொன்னதே சட்டம். அவர் தன் கம்பெனியில் எந்த ஆள் எங்கே உட்கார்கிறார் என்பதை வைத்துத்தான் படிப்பை எடை போட்டார்.

“ஜெனரல் பி.காம். படிச்சதுங்கெல்லாம் ஸ்டோர்ல நிக்குதுங்க. மேனேஜர் ரூம் பக்கத்துல ஒரு பொண்ணு, ஏசி காத்து அதும் மேல அடிக்குது. இன்னாமா படிச்சன்னு கேட்டேன். கார்ப்பரேட்டுன்னுச்சு.”

அத்தோடு முடிந்தது. பிற்பாடு கம்பெனிச் சட்டம் பாடத்தில் கோரம் என்று ஒன்று வந்தது. ஒரு கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்கிற விதி. என் படிப்பை முடிவு செய்த கூட்டத்தில் கோரத்துக்குக் குறைவே இல்லை. நான் மட்டும் அடுப்படியில் அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்காக எனக்குக் கோபம் வந்ததாக ஞாபகம் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. பிரெஞ்சும் அப்படி வந்ததுதான். தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் அள்ளிப் போடுவார்கள் என்று பஸ்ஸில் கூட வந்த ஒரு பெண் சொன்னாள், எடுத்தேன். சொன்னபடியே அள்ளிப் போட்டார்கள். என் வீடு, என் விடுமுறை, என் ஊர்ச் சந்தை என்று கட்டுரைகளை மனப்பாடம் செய்து எழுதினேன். துணியை எடுங்கள் என்று ஒருவர் பணிவாகச் சொன்னால் எப்படிச் சொல்வார் என்பது அந்தக் கட்டுரைகளில் இல்லை.

படித்து முடித்து திருபுவனைக்கே வேலைக்குப் போனேன். ஏசி காற்றுப் பக்கம் இடம் இல்லை, ஸ்டோரில்தான் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் வரன் வந்தது. வில்லியனூர்க் குடும்பம். மாப்பிள்ளையின் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை, எல்லாரும் அங்கேதான். லீவில் வந்தபோது பெண் பார்த்தார்கள். அண்ணன் என் படிப்பை முழுப் பெயரோடு, பிரெஞ்சில் வாங்கிய மதிப்பெண்ணோடு ஒப்பித்தார். என் மாமியார் ‘சரி சரி’ என்று கேட்டுக்கொண்டு, “பொண்ணுக்கு வீசிங் எதனா கீதா?” என்றார். மூத்த மருமகளுக்கு மூச்சிழுப்பு, அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றும் சொன்னார். எனக்கு மூச்சிழுப்பு இல்லை. ஜாதகம் பொருந்தியது, கல்யாணம் நடந்தது. என்னை பிரான்ஸுக்கு அழைத்து வந்தது என் நுரையீரல் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. என் கணவருக்கு அதில் சிரிப்பு வராது.

ஆனால் எங்கள் தெரு வேறு மாதிரி கணக்குப் போட்டது. கொடி கார்ப்பரேட் எடுத்தாள், பிரெஞ்சு எடுத்தாள், பிரான்ஸ் போய்விட்டாள். அடுத்த வருஷமே எதிர்வீட்டு மாலதி அதையே எடுத்தாள். பிறகு பெரியப்பாவின் பேத்தி. பிறகு முருகேசண்ணன் மகள். எங்கள் தெருவில் பெண்களுக்கு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சாமிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடுவது போல, கார்ப்பரேட்டும் பிரெஞ்சும். மாலதி இப்போது கடலூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். பெரியப்பா பேத்தி பண்ருட்டியில் வாழ்க்கைப்பட்டுப் பலா வியாபாரத்தைப் பார்க்கிறாள். முருகேசண்ணன் மகள் திருபுவனையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிறாள். ஒருத்தியும் பிரான்ஸ் பக்கம் வரவில்லை. அதற்காக யாருக்கும் சந்தேகம் வந்துவிடவில்லை. ஜாதகம் அமையவில்லை, அவ்வளவுதான் என்பார்கள். படிப்பில் குறை சொல்ல அவர்களுக்கு மனம் வராது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரிசை போக வேண்டும். புதுப்புடவை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து. அண்ணன்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் அவள் வாழ்கிற வீட்டுக்கு. நான் வாழ்கிற வீட்டுக்கு ஸ்கூட்டரில் போக முடியாதே. வில்லியனூரில் என் மாமனார் கட்டிய வீடு ஒன்று உண்டு, பூட்டிக் கிடக்கிறது. கல்யாணம் முடிந்து கிளம்பும் வரைக்கும் சில வாரங்கள் நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான். அண்ணன் வருஷா வருஷம் போகிப் பண்டிகையன்று அந்தப் பூட்டின கேட்டுக்கு முன்னால் வரிசையைப் பரப்பி வைப்பார். கரும்பைக் கேட்டில் சாய்த்து வைப்பார். கற்பூரம் காட்டுவார். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு செலியமேட்டுக்கே போய்விடுவார். அந்த அரிசியில்தான் எங்கள் வீட்டில் பொங்கல் வைப்பார்கள், அந்தக் கரும்பைத்தான் பிள்ளைகள் கடிக்கும், புடவை நான் வரும்போது கட்ட என்று பீரோவில் போய்ச் சேரும். மறுநாள் நான் போன் போட்டு கரும்பு இனிப்பாக இருந்ததா என்று கேட்பேன். அண்ணி, “உன் பங்கு கரும்புதான் ரொம்ப தித்திப்பு” என்பாள். இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னபோது உங்கள் அண்ணனுக்கு வேறு வேலை இல்லையா என்றார். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் விரல் நுனியில் ஏதோ தெரிந்தது.

அண்ணன் பேசிய மறுநாள் நிவேதா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். மாடியில் நின்று தணிந்த குரலில் பேசுவது தெரிந்தது.

“அத்த, அப்பா உன்ன கேட்டுட்டுதான் போடுவாராம். எனக்கு அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் வேணும் அத்த. அது கீற காலேஜ்ல பிரெஞ்சு கெடையாது, தமிழ்தான். அப்பா வாணாங்கறாரு. பாகூர்ல எல்லாக் கடைக்காரங்களும் ஜிஎஸ்டி போடறதுக்குக் கடலூர் போய்க்கினு கீறாங்க, தெரியுமா? உரக்கடைக்காரரு, அரிசி மண்டிக்காரரு எல்லாரும். நான் படிச்சிட்டு சி.ஏ.வோ அந்தக் காஸ்ட் அக்கவுண்டன்ட் கோர்சோ எதனா ஒன்னு முடிச்சிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஆபீஸ் போடப் போறேன். போர்டு கூட மனசுல எழுதிட்டேன். எனக்கு பிரான்ஸ் வாணாம் அத்த. கோச்சிக்காத.”

நான் அதை பஸ்ஸில் கேட்டேன். இறங்கி நடக்கும்போது மறுபடி கேட்டேன். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? எனக்கு அந்தப் பெண்ணின் மேல் பொறாமை வந்தது, அதுதான் உண்மை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. உரக்கடை எது, மண்டி எது, போர்டு எங்கே மாட்டுவது வரைக்கும் தெரிகிறது. அந்த வயதில் எனக்கு பஸ்ஸில் எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பது மட்டும்தான் தெரியும்.

அண்ணனிடம் வாயால் சொன்னால் ஏறாது, காட்டிவிடலாம் என்று நினைத்தேன். என் வேலை எதுவென்று கண்ணால் பார்த்தால் மகளை இதற்காக பிரெஞ்சு படிக்க வைக்க மாட்டார் அல்லவா? மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பிற்பகல், அண்ணன் வரப்பு வேலை முடித்துத் திரும்பியிருந்தார், முகத்தில் வியர்வை. நீலச் சட்டையும் தலையில் வலைத் தொப்பியுமாக என்னை முதலில் காட்டினேன். பிறகு போனைத் திருப்பி, அழுக்குத் துணி வண்டிகள், துவைக்கிற இயந்திரங்கள், நான் நிற்கிற இடம், உருளை, குவிந்து கிடக்கிற ஈர விரிப்புகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் காட்டினேன். பார் அண்ணா, இதுதான் என் வேலை, நாளெல்லாம் இதை உள்ளே தள்ளுவது, கார்ப்பரேட்டும் இல்லை பிரெஞ்சும் இல்லை என்றேன். அண்ணன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார். அவருக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“யம்மாடி, இன்னா மெஷினுமா இது!” என்றார். “கரும்பாலைல கூட இம்மாம் சுத்தம் கெடையாது. தரைல சோத்தப் போட்டுச் சாப்டலாம் போல கீது. மொகத்துக்கு நேரா ஃபேன் வேற. திருபுவனைல நம்ம முருகேசன் பொண்ணு நிக்கறத நீ பாத்தியா? இது சொகுசுமா.”

அந்த நேரம் பார்த்து எங்கள் மேற்பார்வையாளர் கொரின் காபிக் கோப்பையோடு வந்தார். போனை எட்டிப் பார்த்து யார் என்றார். அண்ணன் என்றேன். அவர் கையசைத்தார். அண்ணன் போனைத் தொடையில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையும் கூப்பி, “வணக்கம் மேடம்” என்றார். கொரின் சிரித்தபடி, “வேலைக்கு வருகிறாராமா? வரச் சொல், ஆள் பற்றாமல்தான் கிடக்கிறோம்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார். அவர் இப்படித்தான், யாரைப் பார்த்தாலும் இதே தமாஷ்.

“இன்னா சொல்றாங்க மேடம்?”

எதையாவது சொல்லியிருக்கலாம். ஆள் வேண்டுமாம் என்றேன்.

“பாத்தியா! மேடமே வாய் விட்டு ஆள் கேக்கறாங்க. நீ இன்னாடான்னா பாக்கலாம் பாக்கலாம்னு இழுத்துகினு கீற. நான் நாளைக்கே பிரெஞ்சுன்னு போட்டுடறேன் கொடி” என்றார் அண்ணன். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மணி அடித்தது, போனை வைத்துவிட்டு உருளைக்கு முன்னால் போய் நின்றேன். எதிர்முனையைப் பிடித்த அல்ஜீரியாக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து, நல்ல செய்தியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர், சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “பாக்கலாம்னு சொல்லி உட்டுடு. மூணு வருசம் கழிச்சி யாரு எங்கயோ” என்றார். அது எனக்கும் தெரியும். அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் யார்மேலும் வருத்தம் இருக்காது. நிவேதா மட்டும் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருப்பாள். மூன்று வருஷம் கட்டுரை மனப்பாடம் செய்வாள். அப்புறம் ஜாதகத்தைக் குறை சொல்வார்கள். எனக்கு வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை. அவள் மனசுக்குள் எழுதி வைத்திருக்கிற அந்த போர்டு மட்டும் என்னை விடவில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிட்டேன்.

“அண்ணா, அவ கேக்கறதுலயே சேத்துடு. அக்கவுண்டிங்.”

“ஏன், பிரெஞ்சு இல்லாம அங்க வந்து இன்னா பண்ணுவா?”

“அவ இங்க வரமாட்டா. பிரெஞ்சு படிச்சாலும் சரி, படிக்காட்டியும் சரி. நான் அவள கூப்ட்டுக்க மாட்டேன் அண்ணா.”

அந்தப் பக்கம் எங்கள் வீட்டு மாடு கத்துவது கேட்டது, யாரோ குழாயடியில் குடம் வைப்பதும்.

“கூப்ட்டுக்க முடியாதா, மாட்டியா?” என்று கேட்டார்.

முடியாது என்று சொல்லியிருந்தால் பிரெஞ்சுச் சட்டத்தின் மேல் பழி போயிருக்கும். ஆனால் முடியாது என்றால் அண்ணன் முடிகிற வழியைத் தேடுவார், அதற்கும் பிரெஞ்சு தேவை என்று அவளை அதிலேயே சேர்த்துவிடுவார். “மாட்டேன்” என்றேன்.

“சரி. நீ மட்டும் போயி உக்காந்துக்கின. போதும். வச்சிடறேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பழக்கமான அண்ணனாக இருந்திருப்பார்.

நிவேதாவுக்கு அவள் கேட்ட இடம் கிடைத்தது. கல்லூரி அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள், கூடவே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அண்ணி ஒருநாள் போன் போட்டு, தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள், அவள் அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று உன் அண்ணன் பதில் சொல்கிறார் என்றாள். சொல்லும்போது அவள் குரல் குற்றம் சாட்டுவது போலவும் இல்லை, ஆறுதல் சொல்வது போலவும் இல்லை. அண்ணன் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு நான் கூப்பிட்டேன், குளிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு கூப்பிட்டபோது கழனிக்குப் போயிருந்தார். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. விரிப்புகள் வந்துகொண்டிருந்தன, முனையைப் பிடித்து நுழைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் நெருங்க நெருங்க எனக்கு ஒரு படபடப்பு. மரத்துப்போனவளுக்கு அது புதுசு. அண்ணன் வரிசை வைப்பாரா? வைக்காமல் விட்டால் அது ஊருக்கே தெரிகிற விஷயம், உறவு அறுந்தது என்று அர்த்தம். போகியன்று காலை பஸ்ஸில் போகும்போது போன் அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து போட்டோ. வில்லியனூர் வீட்டு கேட், அதே துருப்பிடித்த பூட்டு. சாய்த்து வைத்த கரும்பு, மஞ்சள் கொத்து, தாம்பாளத்தில் அரிசியும் வெல்லமும், கவர் பிரிக்காத புடவை, அது ஆரஞ்சு நிறம். ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, வைத்துவிட்டாரே என்று இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அண்ணிக்குப் போன் போட்டேன். வழக்கம்போல, கரும்பு இனிப்பாக இருந்ததா அண்ணி என்றேன். அண்ணி தயங்கினாள்.

“எடுத்தாரல பூங்கொடி. வச்சிட்டு வந்துட்டாரு.”

“எங்க?”

“அங்கதான், உன் வூட்டு வாசல்லயே. ஏங்க எடுத்தாரலன்னு கேட்டேன். அது அவ வூடு, அவ வரிச அங்கதான் இருக்கணும், நாம எதுக்குத் திரும்பக் கொண்டாறதுன்னுட்டாரு.”

குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. முறைப்படி பார்த்தால் இத்தனை வருஷமும் அண்ணன் செய்ததுதான் தப்பு, இந்த வருஷம்தான் சரியாகச் செய்திருக்கிறார். பிறந்த வீட்டு வரிசை புகுந்த வீட்டு வாசலில்தான் இருக்க வேண்டும். சரி அண்ணி என்று வைத்துவிட்டேன்.

அந்த வீட்டை எனக்குச் சரியாக ஞாபகம் கூட இல்லை. கொல்லைப்பக்கக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டால் தெரியாது. இங்கே நாங்கள் இருக்கிற வீடும் வாடகை வீடுதான், பால்கனியில் ஒரு புடவை காய வைக்க உரிமை கிடையாது. செலியமேட்டு வீட்டில் எனக்கென்று ஒரு பானை அரிசி வருஷத்துக்கு ஒருமுறை பொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் இப்போது இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று நிவேதா கூப்பிட்டாள். அவள் பஸ் வில்லியனூர் வழியாகத்தான் போகும். திரும்பி வரும்போது நடுவில் இறங்கி, அந்த வீட்டைப் பார்க்கப் போயிருக்கிறாள். பின்னால் வண்டிச் சத்தமும் கோவில் பாட்டுமாக இரைச்சல். அன்று எனக்கு மதிய ஷிஃப்ட், உடைமாற்றும் அறையில் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“அத்த, கரும்ப யாரோ எடுத்துனு போயிட்டாங்க. அரிசிய ஆடு தின்னுட்டுதாம், பக்கத்து வூட்டம்மா சொன்னாங்க. மஞ்சக் கொத்து காஞ்சி கெடக்குது. பொடவ மட்டும் அழுக்காவப் போவுதுன்னு அவங்களே அலசி, கேட்டு மேலயே போட்டுவுட்டிருக்காங்க. சூப்பரா கீது அத்த கலரு, ரோட்லேர்ந்தே தெரியுது. நான் எடுத்துக்கவா?”

எடுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“எடுத்துனு எங்க போறது, அதச் சொல்லு” என்றாள். “நம்ம வூட்டுக்குக் கொண்டு போனா அப்பா திட்டுவாரு. உனக்கு அனுப்பணும்னா அட்ரஸ் குடு.”

கூடத்தில் மணி அடித்தது. முதல் வண்டி விரிப்புகள் வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. அவளுக்கு எங்கள் விலாசத்தைச் சொன்னால் அந்தப் புடவை இந்த ஊருக்கு வந்து, பெட்டிக்குள் போய்விடும்.

“அங்கயே இருக்கட்டும் நிவே” என்றேன். “வெயில் படட்டும்.”